காய்ச்சல் இல்லாத நான்கு நாட்கள்

மார்ச் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். அவளுடைய போனுக்கு நீ அனுப்பிய செய்தியை மேலே ஏறி வந்து படித்துக் காட்டினாள். "உங்க போன் ஆஃப்லயே இருக்காம், பொண்ணு பயப்படுது ஆன்ட்டி" என்றாள். ஆமாம், ஆஃபில்தான் இருக்கிறது. கெட்டுப்போகவில்லை. நான்தான் அணைத்து, பீரோவில் உங்கப்பாவின் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். போனில் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டியா, போட்டேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது ஞாபகத்துக்கு வருகிறது. இனிமேல் கடிதம் எழுது, நானும் எழுதுகிறேன். தபால் போய்ச் சேர ஒன்பது நாளாவது ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். எனக்கு அவசரமாக நடக்க வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. கேட்டால் எல்லோரும் தங்களுடையது இல்லை என்கிறார்கள். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கப்பாவின் மூக்குக்கண்ணாடி டிவி மேல் கிடந்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன். எதற்கு என்று கேட்காதே.

நான் அழவில்லை என்று உன் அத்தைக்குப் பெரிய குறை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று சமையலறையில் யாரிடமோ சொன்னாள். எழுபத்து மூன்று வயதானாலும் காது எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மற்றவைதான் விடுப்பு எடுத்திருக்கின்றன. அழக்கூடாது என்றெல்லாம் ஒன்றும் இல்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொட்டது போல இருக்குமே, அப்படி இருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

பின்குறிப்பு: உங்கப்பாவின் கடைசி நாலு நாளும் நான் எழுதிய சார்ட் என்னிடம் இருக்கிறது. நீ இங்கே இருந்த எட்டு நாளில் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.


மார்ச் 19

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் நேற்று வந்தது. ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்தேன். நான் பேனா பிடித்துப் பல வருடம் ஆகிறது. கோழி கிளறியது போல இருக்கும், திட்டாதே.

இங்கே எல்லாம் வழக்கம்போல. காலையில் ரத்தம் நிரப்பிய குழாய்கள் பெட்டியில் வந்து இறங்கும். எண் ஒட்டி, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். "என் பொண்ணு ரத்தத்துல ஏதோ பண்றா" என்று நீ எல்லோரிடமும் சொல்வாயே, அதே ஏதோதான். கூட வேலை செய்பவர்கள் என் மேஜையில் பூ வைத்திருந்தார்கள். வாடிய பிறகும் யாரும் எடுக்கவில்லை. நான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அது எப்படி முடிகிறது என்றுதான் தெரியவில்லை. நேற்று ஒரு கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நகைச்சுவை புரிந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்து அசிங்கமாக இருந்தது.

நீ தடுப்பூசி போட்டுக்கொண்டாயா? குளிருக்கு முன்னால் ஃப்ளூவுக்குப் போடுவது. அப்பா போட்டுக்கொண்டார், உனக்கு வேண்டாம் என்று நீதான் தள்ளிப் போட்டாய். போடு அம்மா.

சார்ட் வேண்டாம் என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அனுப்பு.

உன் சுண்டு


ஏப்ரல் 2

சுண்டு,

கோழி இல்லை, கோழிக்குஞ்சு. படிக்க முடிந்தது.

நகல் இத்துடன் இருக்கிறது. தெருமுனைக் கடையில் எடுத்தேன். கட்டம் கட்டமாக எண்களைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "என்னம்மா, பேரப்புள்ள மார்க்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாஸா ஃபெயிலா என்று அவர் கேட்காததே பெரிய உபகாரம்.

முப்பத்தொரு வருஷம் குழந்தைகள் வார்டில் எழுதிய கை இது. கட்டம் போடாமல் எழுத வராது. தேதி, நேரம், காய்ச்சல், நாடி, மூச்சு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒன்றைக்கூட விடவில்லை. திங்கட்கிழமை முதல் தடவை தெர்மாமீட்டர் வைத்தபோது, "என்னையும் அட்மிட் பண்ணிட்டியா சிஸ்டர்?" என்று உங்கப்பா கேலி செய்தார். அதற்குப் பிறகு கேலி எதுவும் செய்யவில்லை.

காய்ச்சல் கட்டத்தைப் பார். 98.2, 98.4, 98.6, 98.8. அதோடு சரி. நூறைத் தொட்டிருந்தால் அந்த நிமிஷமே வண்டி பிடித்திருப்பேன். நோய் என்றால் எனக்கு ஒரு முகம் தெரியும் சுண்டு. பிள்ளைகளுக்கு நூற்று மூன்று அடிக்கும், தொட்டால் கை சுடும், கன்னம் சிவக்கும், கண் பளபளக்கும். ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். உங்கப்பா எப்போதும் போலச் சில்லென்றுதான் இருந்தார். கல்யாணமான புதிதிலேயே ஐஸ்பெட்டி என்று நான் பெயர் வைத்த மனுஷர். நல்லா இருக்கும் நாளிலும் 97-ஐத் தாண்ட மாட்டார். மற்ற இரண்டு கட்டமும் ஒழுங்காகவே இருக்கின்றன. நாடி 104, மூச்சு 26.

சார்ட்டில் இடமில்லாததையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை சாப்பாட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். "பசியில்ல, விடு" என்றார். செவ்வாய்க்கிழமை செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. புதன்கிழமை காலையில் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மீட்டர் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மீட்டர் பார்க்கும் வேலையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது. "எழுதிக்கோ, நானூத்திப் பன்னெண்டு" என்று என்னிடம் சொன்னார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். வயசாகிவிட்டது, இனி இதையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். "அப்பா ஒரு மாதிரி இருக்கார்" என்றேன். "காய்ச்சல் இருக்காம்மா?" என்றாய். இல்லை என்றேன். "இருமல்?" இல்லை. "அப்ப பயப்பட ஒண்ணுமில்லம்மா. தூங்கட்டும்" என்றாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. மீட்டர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நீ அவசரத்தில் இருந்தாய்.

வியாழக்கிழமை மதியம் எழுப்பினால் எழவில்லை, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தேன். வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபதுக்கு முடிந்துவிட்டது. நிமோனியா, இரண்டு பக்கமும் என்றார் டாக்டர். "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். "காய்ச்சலே இல்லையே டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினான்கு வரிசை எழுதியிருக்கிறேன். பல தடவை பார்த்துவிட்டேன். நீ படித்தவள். நான் எங்கே கோட்டைவிட்டேன் என்று பார்த்துச் சொல்.

அம்மா


ஏப்ரல் 20

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை காலை. உன் மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார். சமையலறை மேஜையில் உன் சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான்கு முறை தொடங்கி நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன், நீயும் நிறுத்தாமல் படி.

நாடி 104, மூச்சு 26. ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஒழுங்குதான் அம்மா. எழுபத்தெட்டு வயது மனிதருக்கு இல்லை. முப்பத்தொரு வருடம் நீ பார்த்த எண்கள் அவை, அதனால் உன் கண் அங்கே தடுக்கவில்லை. நீ கவனிக்காமல் விட்டாய் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியாக எண்ணி, சரியாக எழுதி வைத்திருக்கிறாய்.

அப்பாவுக்குக் காய்ச்சலும் இருந்தது. அவர் எப்போதும் 97 என்று நீயே எழுதியிருக்கிறாய். 98.8 என்றால் அவர் அளவுக்கு அது காய்ச்சல். அவருடைய உடம்பால் அவ்வளவுதான் முடிந்தது.

உன் கேள்விக்குப் பதில் இது. இனி நீ கேட்காததைச் சொல்ல வேண்டும்.

நான் ரத்தத்தில் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் விவரமாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களின் ரத்தம்தான் அந்தக் குழாய்களில் வருகிறது. ஒரு குழந்தையின் உடம்புக்குள் கிருமி நுழைந்தால் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடும், சூடேறும். நீ சொன்னது போல ஊரைக் கூட்டும். வயதானால் அந்தக் கூச்சல் எழுவதில்லை. எழுந்தாலும் தாமதமாக, பாதியாக எழுகிறது. தடுப்பூசிகூட அதனால்தான் அவர்களுக்குப் பாதிப் பலன் தருகிறது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் உள்ளே எல்லாம் அமைதியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நோய் ஒன்றும் இல்லாத நாளிலும் சின்னதாக ஓர் அழற்சி உடம்பு முழுக்கப் புகைந்துகொண்டே இருக்கிறது. எந்நேரமும் புகை மண்டிய சமையலறையில் ஒரு நாள் நிஜமாகவே தீப்பிடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அது போல. காய்ச்சல் வராது, இருமல்கூட வராது. சாப்பாடு இறங்காது, பேச்சு குழறும், கீழே விழுவார்கள், செருப்பைக் கையில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்பது வருடமாக நான் படிப்பது இதைத்தான்.

அந்தப் புதன்கிழமை நான் ஒரு மாநாட்டில் இருந்தேன். மண்டபத்துக்கு வெளியே, அடுத்த பேச்சு என்னுடையது என்று காத்திருக்கும்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ "ஒரு மாதிரி இருக்கார்" என்றாய். நான் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோரும் கேட்பதைக் கேட்டேன். நீ இல்லை என்றதும் எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்ப் பேசினேன். முதியவர்கள் விஷயத்தில் காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள் என்று திரையில் பெரிய எழுத்தில் போட்டு, அதை நானே சத்தமாக வாசித்தேன். கைதட்டினார்கள்.

"ஒரு மாதிரின்னா எப்படிம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ மீட்டரைப் பற்றிச் சொல்லியிருப்பாய். அன்றைக்கே கிளம்பியிருப்பீர்கள். பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள்.

அங்கே இருந்த எட்டு நாளும் இதைச் சொல்லாமல்தான் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சுண்டு


மே 6

சுண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

படித்தேன். மறுபடியும் படித்தேன். துணிகளை மடித்து வைத்தேன். அந்த யாருடையதோ நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரை மாதமாக ஒரே ஒரு ஆள்தான் தப்பு செய்தது என்று இருந்தேன். அது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை. இப்போது இரண்டு பேர். நான் தெரியாமல் விட்டேன். நீ தெரிந்தும் கேட்காமல் விட்டாய். இதில் எது பெரியது என்று அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. அவர் இருந்திருந்தால், "ரெண்டு கெட்டிக்காரிங்க இருந்தும் நான் மாட்டிக்கிட்டேனே" என்று சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. வரும் என்றுதான் நினைக்கிறேன், காத்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் எழுதாதே. நானும் எழுதவில்லை.

அம்மா


மே 18

அம்மா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள். பதில் வேண்டாம்.

கோபம் எவ்வளவு நாள் கழித்து வந்தாலும் வரட்டும். ஆனால் நீ இப்போது தனியாக இருக்கிறாய், உன் வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. பின்னால் இருக்கும் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வை. என் மேல் இருக்கும் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பசி இல்லையென்றால், காரணமில்லாமல் விழுந்தால், நடந்ததும் நடக்காததும் மனதில் குழம்பினால், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி, தையல்காரம்மாவைக் கூப்பிட்டு வண்டி பிடி. நாடியும் மூச்சும் எண்ணினால், நீ குழந்தை இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள். நாடி 90-ஐத் தாண்டினால், மூச்சு 20-ஐத் தாண்டினால், உனக்கு அது சரியில்லை. இப்போது நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் காய்ச்சலை அளந்து, உன் சாதாரண அளவு என்ன என்று குறித்து வை.

இவ்வளவுதான். இதை அப்பாவுக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும்.

சுண்டு


ஜூலை 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது என்று உட்கார்ந்தேன். இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தண்ணீர் மீட்டர் பார்க்க இப்போது ஒரு பெண் வருகிறாள். சுறுசுறுப்பான பெண், மூடியைத் திரும்பவும் சரியாக மூடிவிட்டுப் போகிறாள். தையல்காரம்மா சாப்பாடு கொண்டு வந்து வைத்தாள். வேண்டாம் என்றேன். நேற்றும் வேண்டாம் என்றேன். முந்தாநாளும் இறங்கவில்லை. வெயில், வேறொன்றும் இல்லை.

காலையில் குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். தரை குளுகுளுவென்று இருந்ததால் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். வார்டில் இன்றைக்குப் பிள்ளைகள் சத்தம் தாங்கவில்லை. ஜன்னலோரக் கட்டில் பிள்ளைக்கு இன்னும் பால் கொடுக்கவில்லை. மீட்டர் பார்க்க இப்போது ஒரு பெண் வருகிறாள். சுறுசுறுப்பான பெண். தையல்காரம்மா சாப்பாடு கொண்டு வந்தாள், வேண்டாம் என்றேன்.

கொஞ்சம் நடுக்கமாக இருந்ததால் அளந்து பார்த்தேன். 98.6. நாடி 108, மூச்சு 26. எல்லாம் ஒழுங்காக


ஜூலை 17

சுண்டு,

மேலே இருக்கும் தாளை அப்படியே அனுப்புகிறேன். ஒழுங்காக என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே பீரோ கண்ணாடியில் உன் தாள் ஒட்டியிருந்தது. கோபத்தோடுதான் ஒட்டினேன், நாலு மூலைக்கும் டேப் போட்டு. நீ குழந்தை இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாய். யாருடா இது என்னைப் பார்த்து இப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குக் கீழே ஜூன் மாதம் நானே குறித்து வைத்த என் சாதாரண அளவு இருந்தது. 97.1. என் கையெழுத்துதான்.

பிறகு எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். மீட்டர் பெண் இரண்டு தடவை வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது, எந்தப் பிள்ளைக்குப் பால்? சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்து தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவள் காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை, அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு.

சிறுநீர்த் தொற்று. ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருந்ததாம். ஒரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். வேறு டாக்டர், இவர் வாயைத் திறந்து பேசுகிறார். ஆஸ்பத்திரியில் ஏழு நாளாக மருந்து ஏறுகிறது. இப்போது சாப்பிடுகிறேன். தையல்காரம்மா உனக்குச் செய்தி அனுப்பியதும், நீ கிளம்பி வருகிறேன் என்றதும் தெரியும். வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான்தான். உன்னை வாசலில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் இங்கே டியூட்டி நர்ஸ் வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லம்மா, கவலைப்படாதீங்க" என்றாள். நல்ல பெண், சிரித்த முகம். "என் சாதாரண அளவு என்னன்னு கேட்டியா நீ?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய், "என்னம்மா உங்க அளவு?" என்று கேட்டாள். தொண்ணூற்றேழு என்றேன். என்னுடையதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்ன பிறகுதான் அது அவருடையது என்று உறைத்தது. ஐஸ்பெட்டியின் அளவு. அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை, கூடவே படுத்து எழுந்த நானும் தெரிந்தும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்போது கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து மாதம் கழித்து. அளந்தால் கால் டீஸ்பூன்கூடத் தேறாது. அந்தப் பெண் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்க மாட்டாய். கேட்காததையும் எழுதுவதற்குத்தானே கடிதம். நீ அந்த விஷயத்தைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கடைசியும் இந்த ஒன்பதாம் தேதியே வந்திருக்கும். சொன்னாய், அதனால் இருக்கிறேன். அந்தப் புதன்கிழமையும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன், கழியவில்லை. உன் மேல் வர வேண்டிய கோபம் வந்துகொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. என் வயதில் எல்லாமே தாமதமாகத்தான் வரும் என்று நீதான் எழுதினாய். வந்து முடியட்டும். அதற்கும் நீ இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும்.

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பீரோவிலிருந்து போனை எடுத்துச் சார்ஜ் போடச் சொல்லித் தையல்காரம்மாவிடம் சாவி கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்குக் கூப்பிடு. எப்படி இருக்கிறாய் என்று கேட்பாய், ஒரு மாதிரி இருக்கிறேன் என்று சொல்வேன். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று இந்தத் தடவை உனக்குத் தெரியும்.

உன் அம்மா